நூறு ஆண்டுகள் கடந்தும் கைவிடப்படாத ‘1911’ கைத்துப்பாக்கி: தொடங்குவோருக்கான விளக்கம்

மட்டக்களப்பின் கல்லடியில் நான் தையல் மெசின் திருத்தத் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை கறுப்பு நிறத்தில், பொன்னிறப் பூவேலையோடு, காலால் மிதித்து ஓட்டப்படும் பழைய சிங்கர் மெசின்கள். ஆகவே, நோர்வேயில் இருக்கும் என் மருமகன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “மாமா, சிங்கர் கொம்பனி ஒரு காலத்தில பிஸ்டலும் செய்திருக்கு, தெரியுமா?” என்று கேட்டபோது, கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் அங்கே ஒரு சுடுதல் கழகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எடை குறைந்த, பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட புதிய கைத்துப்பாக்கிகள் எத்தனையோ வந்துவிட்ட பிறகும், கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் பலர் 1911ஆம் ஆண்டின் வடிவமைப்பு ஒன்றையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவனுக்குப் புதிராக இருந்தது. “அதக் கழற்றி மேசையில வை மனே, நான் பாக்கிறன்” என்றேன். கழகத்துப் பயிற்றுநரின் அனுமதியோடும் அவருடைய கண் முன்னாலும் அவன் அதைக் கழற்றிக் காட்ட, நான் இங்கிருந்து கைப்பேசித் திரையில் பார்த்தேன். அன்று தொடங்கிய தேடலில் நான் விளங்கிக்கொண்டவற்றை, இத்துறையை முன்பின் அறியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும் மண் நம்முடையது என்பதை நான் மறந்துவிட்டு எழுதவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அந்தச் சொல்லோடு ஒரு இழப்பைச் சேர்த்து நினைக்காத குடும்பம் அரிது. இன்றைக்கு இங்கே சட்டப்படி பொதுமக்கள் கையில் பெரும்பாலும் இருக்கக்கூடியது, யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்கும் ஊர்களில் பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்தோடு வழங்கப்படும் தோட்டாத் துவக்குதான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அதற்கு அடிப்படை. கைத்துப்பாக்கி என்பது நம்மில் மிகப் பெரும்பாலானோருக்கு எட்டாத, எட்டவேண்டிய தேவையும் இல்லாத பொருள். ஆனால் குறிபார்த்துச் சுடுதல் உலகின் பல நாடுகளில் கடும் ஒழுங்கோடு நடத்தப்படும் விளையாட்டு என்பதும், அந்த விளையாட்டுக்காரர்கள் ஒரு பொறியை ஏன் விரும்புகிறார்கள் என்பது ஒரு பொறியியல் கேள்வி என்பதும் உண்மை. அந்தக் கேள்வியோடு மட்டும் இங்கே நிற்கிறேன். சொற்களையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம்: மருந்தும் கோதும் தலையும் சேர்ந்த முழுப் பொருளை ரவை என்றும், அதிலிருந்து பறந்து செல்லும் தலையை மட்டும் சன்னம் என்றும், ரவைகளை அடுக்கிவைத்துக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டியை ரவைக்கூடு என்றும், சுடும் விரல் இழுக்கும் பகுதியை விசை என்றும் குறிப்பிடுகிறேன்.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜோன் மோசஸ் பிரவுணிங். 1855ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒக்டன் என்ற ஊரில், துவக்குத் திருத்தும் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 1900களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்ட அமெரிக்க இராணுவம், தன்னிடம் இருந்த .38 அங்குலச் சுழல்துப்பாக்கியின் வலு போதவில்லை என்று முறையிட்டது. 1904இல் தொம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சோதனைகள் நடத்தி, இராணுவக் கைத்துப்பாக்கியின் சன்னம்.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தனர். அதன் பின்னர் நடந்த போட்டியில் கோல்ட் நிறுவனத்துக்காகப் பிரவுணிங் அமைத்த துப்பாக்கியும் சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் இறுதிவரை நின்றன. 1911 மார்ச் மாதத்தில் ஒவ்வொன்றிலும் 6,000 ரவைகள் சுட்டுப் பார்க்கப்பட்டன. சூடேறியபோது தண்ணீரில் தோய்த்து ஆற்றிவிட்டு மீண்டும் சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை தடங்கியது. பிரவுணிங்கின் துப்பாக்கி ஒரு தடவையேனும் தடங்கவில்லை. அதே மாதம் 29ஆம் திகதி இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட ஆண்டே அதன் பெயராயிற்று.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இன்று உலகில் செய்யப்படும் கைத்துப்பாக்கிகளில் மிகப் பலவற்றின் உள்ளேயும் நடப்பது இதே செயல்தான். துப்பாக்கியின் மேற்பகுதி, சட்டகத்தின் மீது முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் ஒரு கனத்த உருக்கு உறை. அதை ஸ்லைட் என்கிறார்கள். குழல் அந்த உறைக்குள் இருக்கிறது. குழலின் மேல்முதுகில் வயல் வரம்புபோல இரண்டு மேடுகள் குறுக்கே எழும்பியிருக்கின்றன. ஸ்லைட்டின் உட்கூரையில் அவற்றுக்கு ஏற்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வரம்பு பள்ளத்தில் அமர்ந்திருக்கும்வரை குழலும் ஸ்லைட்டும் ஒரே துண்டுபோலப் பூட்டுண்டிருக்கும். ரவை வெடிக்கும்போது சன்னம் முன்னே ஓட, இவை இரண்டும் பூட்டியபடியே சேர்ந்து பின்னோக்கி நகர்கின்றன. ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் தூரம்தான். அதற்குள் சன்னம் குழலை விட்டு வெளியேறி, உள்ளே இருந்த அமுக்கமும் இறங்கிவிடுகிறது. அந்த வேளையில் குழலின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறிய இணைப்புத் துண்டு, ஊஞ்சல்போல ஆடி, குழலின் பின்புறத்தைக் கீழே இழுக்கிறது. வரம்பு பள்ளத்திலிருந்து கழன்றுவிடுகிறது. குழல் அங்கேயே நிற்க, ஸ்லைட் தனியாகப் பின்னே போய், வெறுங்கோதை இழுத்து வெளியே எறிந்து, ரவையை வெடிக்கவைக்க அடி கொடுக்கும் சுத்தியலையும் பின்னுக்குச் சாய்த்து நிறுத்திவிட்டு, சுருள்வில்லின் தள்ளுதலால் முன்னே திரும்பி வரும்போது அடுத்த ரவையைக் குழலுக்குள் ஏற்றுகிறது.

தையல் மெசின் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே பிடிபடும். ஊசி கீழே போய் மேலெழத் தொடங்கும் நொடியில் கொக்கி வந்து நூல்வளையத்தைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விட்டுப்போகும். இங்கேயும் அமுக்கம் இறங்குவதற்கு முன் பூட்டுத் திறந்தால் கோது வெடித்துக் கையைக் காயப்படுத்தும். திறக்கவே இல்லையென்றால் அடுத்த ரவை ஏறாது. இந்த நேர ஒழுங்கைப் பிரவுணிங் ஒரு மின்னணுக் கருவியும் இல்லாமல், விரல் நகத்தளவான, இரண்டு துளை போட்ட ஒரு உருக்குத் துண்டைக் கொண்டு சாதித்தார். அவருடைய முந்தைய வடிவமைப்புகளில் குழலின் முன்னும் பின்னுமாக இரண்டு இணைப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றை நீக்கிப் பின்புற இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டதுதான் 1911ஐ உருவாக்கிய படிகளில் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். குறைத்துக் குறைத்து வந்து, இதற்கு மேல் குறைத்தால் ஓடாது என்ற இடத்தில் நிறுத்திய பொறி அது. மருமகன் அந்த இணைப்பைக் குண்டூசியால் தூக்கிக் கமராவுக்கு நேரே பிடித்தபோது, அது எட்டு என்ற எண்ணின் வடிவில் ஆடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் அந்தத் துப்பாக்கி ஏன் ஓடுகிறது என்பதற்கான விடை. சுடுபவர்கள் அதை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கான விடை வேறு இடத்தில், விசையில் இருக்கிறது.

பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசை, மேலே ஒரு ஆணியில் தொங்கி, கதவுபோல ஆடும். விரல் இழுக்கும்போது அது ஒரு வில்வளைவில் நகரும். 1911இன் விசை அப்படித் தொங்குவதில்லை. அது மேசை இழுப்பறைபோலச் சட்டகத்தில் வெட்டிய தடத்தின் வழியே நேராகப் பின்னே போகிறது. விசையோடு சேர்ந்த மெல்லிய உருக்கு வளையம் ரவைக்கூட்டை இரு பக்கமும் சுற்றிச் சென்று, பின்னால் உள்ள சிறு நெம்புகளைத் தள்ளுகிறது. அந்த நெம்பு, சுத்தியலைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கொக்கிப் பல்லை விடுவிக்கிறது. சுத்தியல் ஏற்கெனவே சாய்த்து நிறுத்தப்பட்டிருப்பதால் விசைக்கு வேறு வேலை எதுவும் இல்லை. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பிறகு விடுவிப்பது என்ற இரட்டை வேலையைச் செய்யும் விசைகள் நீளமாகவும் கனமாகவும் இழுபடும். இந்த விசையோ, அந்தக் கொக்கிப் பல்லைச் சற்றே நகர்த்தினால் போதும். சுத்தியலின் வெட்டிலே அந்தப் பல் மாட்டியிருக்கும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், மெல்லிய தையல் ஊசி ஒன்றின் தண்டை எடுத்துப் பாருங்கள், அதைவிடவும் குறைவு.

இதை நன்றாகச் சீர்செய்த ஒரு துப்பாக்கியில், விசை எந்த நேரத்தில் விடுபடுகிறது என்பதை விரல் தெளிவாக உணர்கிறது என்று மருமகன் சொன்னான். கொஞ்சம் இறுக்கினால் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் இறுக்கினாலும் நிற்கிறது, பிறகு காய்ந்த ஈர்க்கு ஒடிவதுபோல ஒரே நொடியில் விட்டுவிடுகிறது. ஒடிந்த பிறகு விரல் மேலும் ஓடுவதில்லை. அவன் சொன்ன இந்த ஈர்க்கு உவமைதான், நான் பிறகு படித்த எல்லா விளக்கங்களையும்விட எனக்கு நன்றாக விளங்கியது.

ஒரு விசை இப்படி இருப்பதால் குறி எவ்வாறு செம்மையாகிறது என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். இந்தத் துப்பாக்கியின் மேலே குறிபார்ப்பதற்கென உள்ள பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 165 மில்லிமீற்றர். இலக்கு 25 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000ஐ 165ஆல் வகுத்தால் ஏறத்தாழ 150 வரும். அதாவது விசையை இழுக்கும்போது முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் அசைந்தால், இலக்கில் சன்னம் 15 சென்ரிமீற்றர் தள்ளி விழும். சர்வதேசப் போட்டிகளில் 25 மீற்றரில் வைக்கப்படும் நுண்குறி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 5 சென்ரிமீற்றர் மட்டுமே. எனவே நடுவில் விழவேண்டிய ஒரு சன்னம் ஐந்தாம் வளையத்துக்குப் போய்விடும். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கடைசி நொடியில் விரல் குறியைக் குலைத்துவிட்டால் எல்லாம் வீண். நேராகப் பின்னே போகும், தூரம் குறைந்த, விடுபடும் இடம் தெளிவான விசை அந்தக் குலைவைக் குறைக்கிறது. சுடும் கலையில் பெரும்பகுதி விசையை இழுக்கும் கலைதான் என்று பயிற்றுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

கைப்பிடியும் இதற்குத் துணை நிற்கிறது. ரவைகள் கூட்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், கைப்பிடி மெலிதாகவும் தட்டையாகவும் இருக்கிறது. நீளமான விரல் இல்லாதவர்களுக்கும் விசை எட்டுகிறது. வெற்றாக இருக்கும்போது துப்பாக்கியின் எடை சுமார் 1.1 கிலோகிராம். இடுப்பில் சுமப்பவருக்கு அது பாரம். ஆனால் நின்று சுடுபவருக்கு அந்தக் கனமே கை நடுக்கத்தையும் பின்னுதைப்பையும் அடக்கும் துணை. இதற்குரிய சன்னமும் ஏறக்குறைய 15 கிராம் எடையுள்ள கனத்த சன்னம். செக்கனுக்கு சுமார் 255 மீற்றர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்கும் குறைவாகவே செல்கிறது. ஆகவே கையில் உணரும் உதைப்பு சுள்ளென்று அறைவதாக இல்லாமல், தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல இருக்கும் என்பார்கள்.

பாதுகாப்புப் பூட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று பெருவிரலால் மேலே தள்ளிப் பூட்டுவது; குதிரைமேல் இருக்கும் வீரன் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடி மற்றக் கையால் மட்டும் துப்பாக்கியைப் பூட்ட முடிய வேண்டும் என்று குதிரைப் படையினர் கேட்டதால் சேர்க்கப்பட்டது அது. மற்றது கைப்பிடியின் முதுகில் இருப்பது. உள்ளங்கை அதை முழுமையாக அழுத்தியிருந்தாலன்றி விசை நகராது. அமெரிக்க இராணுவத்தில் குதிரைமேல் போரிடும் படை இன்று இல்லை. ஆனால் அவர்களுக்காக வைத்த அந்தப் பூட்டு, சுடும்போது பெருவிரல் ஓய்வாக அமர்வதற்கு ஏற்ற படியாக மாறிப்போனது. போட்டிகளில் சுடுபவர்களில் பலர் பெருவிரலை அதன் மீதே வைத்துக்கொள்கிறார்கள்.

இனி சிங்கருக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை நெருங்கியபோது, துப்பாக்கியே செய்து பழகாத தொழிற்சாலைகளாலும் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க, அமெரிக்க அரசு 1940இல் சிங்கர் தையல் மெசின் நிறுவனத்திடம் 500 துப்பாக்கிகளுக்குப் பணிப்பு வழங்கியது. சிங்கர் சரியாக 500ஐச் செய்து கொடுத்தது. S800001 முதல் S800500 வரை இலக்கமிட்டது. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் நுண்வேலைத் திறன், வான்காப்புப் பீரங்கிகளைக் குறிவைக்க உதவும் கருவிகளைச் செய்வதற்கே தேவைப்பட்டதால், 501ஆவது துப்பாக்கி அங்கே செய்யப்படவே இல்லை. இன்று சேகரிப்பாளர்கள் மிகப் பெரிய விலை கொடுத்து வாங்குவது அந்த ஐந்நூறில் எஞ்சியவற்றைத்தான். போர்க்காலத்தில் மிக அதிகமாக இந்தத் துப்பாக்கியைச் செய்த நிறுவனமோ ரெமிங்டன் ராண்ட், அதாவது தட்டச்சு இயந்திரக் கொம்பனி. புகையிரதச் சமிக்ஞைக் கருவிகள் செய்த யூனியன் சுவிட்ச் நிறுவனமும் செய்தது. நெடுங்காலம் ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே இயங்கிய நமது கச்சேரியிலும், நீதிமன்ற வாசல்களில் மனு அடித்துக் கொடுத்தவர்களின் மேசைகளிலும் தட்டச்சு இயந்திரங்கள் ஓயாமல் அடித்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ரெமிங்டன் என்ற பெயர் புதிதல்ல.

இதில் கவனிக்கவேண்டியது, தையல் மெசின்காரன் செய்த குழல் தட்டச்சுக்காரன் செய்த ஸ்லைட்டில் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது என்பதே. அளவுகள் வரைபடத்தில் உறுதியாக எழுதப்பட்டிருந்தன. யார் செய்தாலும் துண்டுகள் மாறிப் பொருந்தின. ஆணியடித்து நிரந்தரமாக மூடப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. ஏறக்குறைய முழுத் துப்பாக்கியையும் அதன் சொந்தத் துண்டுகளையே கருவியாக்கிக் கழற்றிவிடலாம்: ஒரு துண்டை உருவி எடுத்து, அதன் முனையால் அடுத்த ஊசியைத் தள்ளிக் கழற்றும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய சிங்கர் மெசினை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மெசினுக்கும் இன்று கடையில் பொபின் வாங்கிப் போடலாம்; பல்சில்லு தேய்ந்தால் இன்னொரு மெசினிலிருந்து கழற்றிப் பூட்டலாம். இப்போது வரும் சில மெசின்களைத் திறந்தால் உள்ளே ஒரு மின்னணு அட்டை இருக்கிறது. அது போய்விட்டால் மெசினும் போய்விட்டது.

பிரவுணிங்கின் காப்புரிமை 1911 பெப்ரவரியில் வழங்கப்பட்டது. அதன் காலம் முடிந்தபின் யாரும் இதைச் செய்யலாம் என்றாயிற்று. இன்று பல நாடுகளில் எத்தனையோ நிறுவனங்கள் செய்கின்றன. போர்க்காலத் துப்பாக்கிகள் சேற்றிலும் மணலிலும் ஓடவேண்டும் என்பதற்காகச் சற்றுத் தளர்வாகவே பொருத்தப்பட்டவை. குலுக்கினால் சத்தம் கேட்கும். அவற்றை எடுத்து, ஸ்லைட் ஓடும் தடத்தை இறுக்கி, குழலின் முனை அமரும் வளையத்தை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அரம்போட்டுப் பொருத்தி, கொக்கிப் பல்லின் முகத்தைக் கல்லில் உரைத்து மெருகேற்றி, நுண்குறிப் போட்டிக்கு உரிய கருவியாக மாற்றும் கைத்தொழில் ஒன்று அமெரிக்காவில் வளர்ந்தது. இராணுவத்தின் சுடுதல் அணிகளுக்கென்றே அப்படிப்பட்ட கைவினைஞர்கள் இருந்தார்கள். ஒரு வடிவமைப்பு நீண்டகாலம் வாழ்வதற்கு அதைப் பயன்படுத்துபவர் மட்டும் போதாது, அதைத் திருத்தத் தெரிந்தவரும் வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். 1911 விரலுக்கும் இடம் கொடுத்தது, அரத்துக்கும் இடம் கொடுத்தது. அது நிலைத்து நிற்பதற்கு நான் காணும் காரணம் இதுவே. ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்: அந்தக் கொக்கிப் பல்லைத் தெரியாதவர் கல்லில் உரைத்தால், அரை மில்லிமீற்றர் கால் மில்லிமீற்றராகி, கையிலிருந்து விழுந்தாலே சுத்தியல் விடுபடும் ஆபத்தான பொருளாகிவிடும். பயிற்சி பெற்ற கைகளைத் தவிர வேறு கைகள் அங்கே நுழையக் கூடாது.

குறைகளை மறைத்து ஒன்றைப் புகழ்வது விளக்கமாகாது. ஏழே ரவைகள் கொள்ளும் கூடு இன்றைய அளவில் சிறியது. உருண்டை முனைச் சன்னத்துக்கென அமைக்கப்பட்ட பழைய துப்பாக்கிகளில், முனை குழிந்த சன்னங்கள் ஏறும்போது சிக்கிக்கொள்ளும். கையால் பொருத்தவேண்டிய இடங்கள் அதிகம் என்பதால், நன்றாகச் செய்த ஒன்றின் விலையும் அதிகம். அமெரிக்க இராணுவம் 1985இல் இதைக் கைவிட்டு, பதினைந்து ரவைகள் கொள்ளும் 9 மில்லிமீற்றர் பெரெட்டாவுக்கு மாறியது. 74 ஆண்டுகள் ஒரு இராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்துவிட்டு ஓய்வுபெற்றது என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகும், 2012இல் அமெரிக்க மரைன் படையின் ஒரு பிரிவு இதே வடிவமைப்பின் புதிய வார்ப்பை கோல்ட் நிறுவனத்திடம் கேட்டு வாங்கியது. பிளாஸ்டிக் சட்டகத்தோடு 1980களில் ஒஸ்ரியாவிலிருந்து வந்து உலகத்தையே பிடித்த குளொக்கின் உள்ளேயும், குழலின் பின்புறம் கீழே சாய்ந்து பூட்டுத் திறக்கும் பிரவுணிங்கின் முறைதான் சற்று மாற்றப்பட்டு இருக்கிறது. ஊஞ்சல் இணைப்புக்குப் பதிலாகச் சாய்வான ஒரு வெட்டு அந்த வேலையைச் செய்கிறது. எனவே பழையதை வென்ற புதியதும் பழையதன் வயிற்றில் பிறந்ததே.

போட்டி விதிகளும் இதன் ஆயுளை நீட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் மரபான நுண்குறிப் போட்டியில் ஒற்றைக் கையால் நின்றபடி 25 யார் தூரத்திலும் 50 யார் தூரத்திலும் சுட வேண்டும், அதில்.45 துப்பாக்கிக்கென்று ஒரு தனிச் சுற்றே உண்டு, அதன் விசையை இழுக்கத் தேவைப்படும் பளு மூன்றரை இறாத்தலுக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. அந்தச் சுற்றில் நிற்பவர்களின் கையில் பெரும்பாலும் 1911தான் இருக்கும். ஓடியும் நகர்ந்தும் பல இலக்குகளைச் சுடும் செயன்முறைச் சுடுதல் 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் சர்வதேச அமைப்பாக உருப்பெற்றபோது, அதன் முதல் தலைவராக இருந்த ஜெவ் கூப்பர் இந்தத் துப்பாக்கியின் பெரும் ஆதரவாளர். புதிய துப்பாக்கிகள் வந்து குவிந்தபின், அந்த அமைப்பு கிளாசிக் என்ற தனிப் பிரிவை ஏற்படுத்தி, 1911இன் தோற்றமும் ஒற்றை வரிசை ரவைக்கூடும் கொண்டவற்றை மட்டும் அதில் அனுமதிக்கிறது. வலுக் கூடிய ரவை சுடுபவருக்கு இலக்கின் ஓரப் பகுதிகளில் சற்றுக் கூடுதல் புள்ளி கிடைக்கும் ஏற்பாடும் உண்டு. இன்னொரு பக்கம், அதே விசையையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு, அகன்ற இரட்டை வரிசை ரவைக்கூட்டோடு ‘2011’ என்ற பெயரில் ஒரு கிளையும் வளர்ந்திருக்கிறது. கூட்டை மாற்றினார்கள், சட்டகத்தை மாற்றினார்கள், குறியில் கண்ணாடி வைத்தார்கள். நேராகப் பின்னே போகும் அந்த விசையை மட்டும் யாரும் தொடவில்லை.

நோர்வேக்கும் இதில் ஒரு பங்கு இருப்பது எனக்கு இந்தத் தேடலின்போதுதான் தெரியவந்தது. அந்நாட்டு இராணுவம் உரிமம் பெற்று, வெள்ளிச் சுரங்கத்துக்குப் பெயர்போன கொங்ஸ்பெர்க் நகரிலுள்ள ஆயுதத் தொழிற்சாலையில் இதையே ‘மாதிரி 1914’ என்ற பெயரில் செய்தது. ஸ்லைட்டைத் தடுத்து நிறுத்தும் நெம்பைப் பெருவிரலுக்கு எளிதில் எட்டும்படி கீழே நீட்டியதுதான் அவர்கள் செய்த குறிப்பிடத்தக்க மாற்றம். மருமகனின் கழகத்தில் ஒரு முதியவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அவனுக்கு இன்னும் அதைச் சுடும் பக்குவம் வரவில்லை என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். 1911இன் சட்டகத்தின் மீது.22 என்ற சிறு ரவைக்கான மேற்பகுதியைப் பூட்டி, உதைப்புக் குறைந்த நிலையில் அதே விசையில் பழகும்படி கொடுத்திருக்கிறார். தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று எனக்கும் தோன்றுகிறது, ஏனென்றால் பெரிய சத்தத்துக்குக் கண் சிமிட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் முன்பே விரல் தன் வேலையைக் கற்றுக்கொள்கிறது.

ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் ரவை எதுவும் இல்லாமல் வெற்றுத் துப்பாக்கியில் விசை இழுக்க வேண்டும். ரவைக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்து, ஸ்லைட்டைப் பின்னே இழுத்துக் குழலுக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்து, அதன் பின்னர் பக்கத்தில் நிற்பவரும் பார்த்த பிறகே தொடங்கலாம். முன்குறிக்கு அருகே ஸ்லைட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை இழுத்து முடிக்கவேண்டும் என்பது பயிற்றுநர் கொடுத்த பாடம். மருமகன் அதற்கு, ஊரிலிருந்து போகும்போது சட்டைப் பையில் தங்கிப்போன இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றைப் பயன்படுத்துகிறான். முதல் வாரத்தில் பத்துக்கு எட்டுத் தடவை அது தரையில் உருண்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீடியோ அழைப்பில் காட்டினான்: சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டது, நாணயம் மெல்ல ஒருமுறை அதிர்ந்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. உடனே மறுபடியும் சுத்தியலைச் சாய்த்து, அடுத்த தடவைக்கு ஆயத்தமானான்.